வளர்ப்பூடகத்தில் பாக்டீரியாப் பெருக்கம்

தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயின் கழிவுநீரில், ஈ. கோலை எனும் குடல்வாழ் பாக்டீரியம் மிகுதி. அதனை ஊட்டச்சாற்றில் இட்டு 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் வைத்தால், முதலில் பெருகாது சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பின்னர் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 10 மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகும். உணவு குன்றிக் கழிவு மிகுந்ததும் பெருக்கம் நின்று, எண்ணிக்கை வீழும்.

இப்பெருக்கத்தின்போது மரபுப்பொருளைப் படியெடுப்பதில் அரிதாகப் பிழை நேர்ந்து, சில செல்கள் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெறுகின்றன. மருந்திட்டால் மற்றவை மடிய, அவையே பெருகுகின்றன. மருந்து அவற்றைத் தோற்றுவிப்பதில்லை, முன்பே உள்ளவற்றைத் தெரிந்தெடுக்கிறது என்று லெடர்பெர்க் தம்பதியர் 1952-ல் காட்டினர்.

மருந்தைத் தேவையின்றி உண்பவர் உடலிலும் இத்தெரிவே நிகழ்கிறது. இதனைத் தடுக்கவே கேரள அரசு 2018-ல் தனிச் செயல்திட்டம் வகுத்தது.