மேட்டுப் பாதையும் எதிர்காற்றும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகரத்தில் புறப்பட்டு, டைன் நதியின் பாலத்தைக் கடந்து, சவுத் ஷீல்ட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் முடிவடையும் கிரேட் நார்த் ரன் என்ற அரை மாரத்தான் ஓட்டத்தை, 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்துக்கு வெண்கலப் பதக்கம் பெற்ற பிரெண்டன் ஃபாஸ்டர் 1981-இல் தொடங்கி வைத்தார். 21.0975 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை மலைப்பாதை அன்று. ஆயினும் சமதளம் என்று எண்ணிக் கால் வைப்பவர் விரைவிலேயே வருந்துவர். மேடும் பள்ளமுமாகச் சென்று, கால்கள் களைத்துப்போன பத்தாவது மைலையொட்டி நீண்டதோர் ஏற்றத்தைக் காட்டி, பின்னர் சட்டென்று கடலை நோக்கிச் சரிந்து, கடைசி மைல் முழுவதிலும் ஓடுபவரை வட கடலின் காற்றிடம் ஒப்படைத்துவிடும் பாதை அது. இத்தகைய பாதைகளைப் பற்றி ஓட்டக்காரர்களிடையே வழிவழியாக வழங்கிவரும் நம்பிக்கைகளில் சில, ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்தவர்களையும் தவறான பிரயாசையில் இறக்கிவிடுவதால், அவற்றை நிதானமாகப் பரிசீலிப்பது அவசியமென்று கருதுகிறேன்.

ஏறின உயரத்தையெல்லாம் இறங்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்பது அவற்றுள் முதலாவது. இத்தாலிய உடலியல் அறிஞர் அல்பெர்டோ மினெட்டியும் அவருடைய சகாக்களும், மலையோட்டத்தில் தேர்ந்தவர்களைச் சாய்ந்த ஓடுபொறியில் ஓடச் செய்து, அவர்கள் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்து, 2002-இல் வெளியிட்ட சமன்பாடு இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் செலவாகும் சக்தி சமதளத்தைக் காட்டிலும் சுமார் 66 சதவிகிதம் மிகுகிறது. அதே அளவு சரிந்த இறக்கத்திலோ சுமார் 40 சதவிகிதம்தான் குறைகிறது. இறக்கம் இன்னும் செங்குத்தானால் இன்னும் லாபம் என்று நினைப்பதற்கும் எல்லை உண்டு. நூற்றுக்கு இருபது என்ற சரிவைத் தாண்டியதும், சரீரம் தன்னைத் தானே தடுத்து நிறுத்திக்கொள்ளும் வேலை பெருகி, செலவு மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. இறக்கத்தில் சுவாசம் சுலபமாயிருப்பதை மட்டுமே கண்டு, தொடைத் தசைகள் அப்போது செய்யும் உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம்.

இதைவிடப் பிரபலமானது காற்றைப் பற்றிய நம்பிக்கை. போகும்போது எதிர்த்த காற்றே திரும்பும்போது முதுகைத் தள்ளப் போகிறது, ஆகையால் நஷ்டமும் லாபமும் சமம் என்று சொல்லாத ஓட்டக்காரர் அரிது. இது நியாயம்போலத் தோன்றினும் கணிதத்துக்கு ஒவ்வாது. காற்றின் தடையானது, உடலுக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக முடிக்கும் ஒருவர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். காற்று விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் அவர் சந்திக்கும் தடை மூன்றின் வர்க்கமாகிய 9 பங்கு. எதிர்காற்றில் எட்டின் வர்க்கமாகிய 64 பங்கு. பின்காற்றிலோ தடை நீங்கி, இரண்டின் வர்க்கமாகிய 4 பங்கு உந்துதல் கிடைக்கிறது. ஆகவே எதிரே ஓடும்போது 55 பங்கு இழந்தவர், திரும்பும்போது பெறுவது 13 பங்குதான். வாங்கிய கடனில் கால் பங்குகூடத் திரும்பி வரவில்லை. அன்றியும், எதிர்காற்றில் வேகம் குறைவதால் அந்தப் பாதியில் அவர் கழிக்கும் நேரமும் அதிகம்.

காற்றின் தொல்லை வேகமாக ஓடுபவர்களுக்கே உரியது, மெதுவாகச் செல்பவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்பதும் இதே கணக்கினால் பொய்யாகிறது. விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் தேர்ந்த வீரருக்கு அந்த எதிர்காற்று தடையை 25-லிருந்து 100 ஆக, நான்கு மடங்கு ஆக்குகிறது. நம் இரண்டு மணி நேர ஓட்டக்காரருக்கோ 9-லிருந்து 64 ஆக, ஏழு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. காற்றில்லாத நாளில் அவருக்குத் தடை மிகச் சிறியது என்பது மெய்யே. ஆனால் காற்றடிக்கும் நாளில் தன் வேகத்துக்கு என்ன நேர்ந்தது என்று திகைத்து, தம் பயிற்சியையே சந்தேகிப்பவர் பெரும்பாலும் அவர்தான். அந்தச் சந்தேகம் அநியாயமானது.

1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் உடலியல் நிபுணராகச் சென்ற கிரிஃபித் பியூ என்னும் ஆங்கிலேயர், செயற்கையாகக் காற்றை வீசச் செய்த அறையில் ஓட்டக்காரர்களை ஓடவிட்டு, 1971-இல் ஓர் உண்மையை நிறுவினார். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், முன்னே ஓடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடுகிறவர், காற்றுத் தடைக்காகச் செலவிட வேண்டிய சக்தியில் சுமார் 80 சதவிகிதத்தை மிச்சப்படுத்திக் கொள்கிறார். ஒருவர் மறைவில் ஓடுவது கோழைத்தனம் என்று கருதும் நல்லவர்கள் இருக்கிறார்கள். விதிகள் அதைத் தடுக்கவில்லை, நான்கு பேர் சேர்ந்து மாறி மாறி முன்னே வந்து காற்றை ஏற்பது தோழமைக்கும் உகந்தது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் மறைவினால் பயனில்லை என்பதும் காற்றில்லாத நாளைக்கே பொருந்தும். எதிர்காற்று வீசும் மேட்டில், நாம் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் காற்று தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டர்க் கணக்கை மேட்டிலும் மாறாமல் காப்பதே மன உறுதி என்னும் நம்பிக்கைதான் மிகுந்த கெடுதல் செய்வது. சமமாக இருக்க வேண்டியது பிரயாசையேயன்றி வேகம் அன்று. சுவாசத்தின் கதியைத் துணையாகக் கொண்டு, அடிகளைச் சுருக்கி, செங்குத்தான இடத்தில் நடக்கவும் தயங்காதவர், மேட்டின் உச்சியில் இன்னும் ஓடக்கூடிய நிலையில் இருப்பார்.

முடித்த நேரத்தை மட்டும் வைத்து ஓட்டத்தின் தரத்தை மதிப்பிடுவதும் அவ்வாறே பிழை. முழு மாரத்தானாயினும், மேடுகளுக்கும் காற்றுக்கும் பேர்போன பாஸ்டன் ஓட்டம் இதற்குப் பிரத்தியட்சச் சான்று. 2011-இல் பலத்த பின்காற்று வீசிய நாளில் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை எவரும் மாரத்தானை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ஆயினும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஏனெனில் தொடக்கமும் முடிவும் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கலாகாது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாதை இறங்கலாகாது என்ற விதிகள் இரண்டையும் அந்தப் பாதை மீறுகிறது. ஏழாண்டுகளுக்குப் பின், 2018 ஏப்ரலில், அதே பாதையில் குளிர்ந்த மழையும் கடும் எதிர்காற்றும் சேர்ந்து மோதியபோது, ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் அரசாங்க அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே ஓடிவந்த யூகி கவாவுச்சி 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். பெண்களில் வென்ற டெஸ் லிண்டன், தாம் இடையிலேயே விலக நேரிடும் என்று எண்ணி, பாதி வழியில் சக வீராங்கனை ஷலேன் ஃபிளனகனுக்காகக் காத்திருந்து துணை செய்தவர். அவருக்கு ஆன நேரம் 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. முட்டாயின் நேரத்தோடு கவாவுச்சியின் நேரத்தை ஒப்பிட்டு ஒருவரைச் சிறியவர் என்பவருக்கு, அன்றைய காற்று எப்படி வீசியது என்பதே தெரியாது.

குளிர்காற்றில் தாகம் எடுக்காது, தண்ணீர் வேண்டாம் என்பதையும் நம்ப வேண்டாம். வியர்வை பெருகாமலில்லை, கண்ணுக்குத் தெரியுமுன் உலர்ந்துவிடுகிறது, அவ்வளவே. பின்காற்றின் வேகமும் ஓடுபவரின் வேகமும் ஒன்றாகிவிட்டாலோ, அவர் அசைவற்ற காற்றுக்குள் ஓடுபவராகிறார்; வெப்பம் உடலைவிட்டு நீங்க வழியின்றித் தேங்குகிறது. எதிர்காற்றில் நடுங்கியவர் திரும்பும்போது புழுங்குவதற்குக் காரணம் இதுவே. கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய மேலாடையே அந்நாளுக்கு ஏற்றது.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதே காரணம் என்ற பழைய விளக்கம் இன்னும் மறையவில்லை. ஓட்டத்தில் மிகுந்த லாக்டேட் ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வலியோ ஒரு நாள் கழித்து வந்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைகிறது. இறக்கத்தில் தசைகள் இறுகிய நிலையிலேயே நீட்டப்படுவதால் அவற்றின் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே அதன் மூலம். இத்தகைய சேதத்தை ஒருமுறை அனுபவித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைக் குறைந்த வலியோடு தாங்கிக்கொள்கிறது. ஆகையால் மேட்டுப் பாதையில் ஓடவிருப்பவர்கள், ஏற்றத்துக்குப் பயிற்சி செய்துவிட்டு இறக்கத்தில் நடந்து வரும் வழக்கத்தை விட்டு, பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாக ஓரிரு நாட்களேனும் இறக்கத்தில் ஓடிப் பழகுவது நலம்.