ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது... அப்புறம் ஏன் அழுகை?

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 36. மார்பகத்தைச் சிறிதாக்கும் ஆபரேஷன் முடிந்து அன்று 12-வது நாள். காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"பதினைஞ்சு வருஷமா கழுத்து வலி டாக்டர். தோள்ல பட்டை அழுத்திப் பள்ளமே விழுந்துடுச்சு. வெயில் காலம் வந்தா மடிப்புக்குக் கீழே புண். இதெல்லாம் போகணும்னு நானே கேட்டுப் பண்ணிக்கிட்டதுதான். இப்ப எதுக்கு அழறேன்னு எனக்கே தெரியலை. மனசுக்கு லேகியம் ஏதாவது குடுங்க."

லேகியம் நான் கொடுக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அழுகையைப் பார்ப்போம்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் வேறென்றாலும் இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆபரேஷன் வரை மனதை இறுக்கிப் பிடித்திருந்த பதற்றம் சட்டென்று தளர்கிறது. மயக்க மருந்தின் அசதியும், வலி மாத்திரைகளின் மந்தமும் சேர்ந்துகொள்கின்றன. மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்பதால் தூக்கம் கெடுகிறது. தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, தலை பின்னவும் இன்னொருவர் கை வேண்டும். வீட்டையே தாங்கிப் பழகிய பெண்ணுக்கு இது லேசான காரியமில்லை. இந்தச் சோர்வு பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே விலகிவிடும். "வேண்டாத வேலை செஞ்சுட்டேனோ" என்ற எண்ணமும் இந்த நாட்களில்தான் வரும். அப்போது எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது கண்ணாடி. முதல் முறை கட்டுப் பிரிக்கும்போது உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள். சிலருக்குத் தலை சுற்றும். வீக்கம், நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய தோல், ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரிவது எல்லாம் ஆரம்பத்தில் இருக்கக்கூடியவைதான். வீக்கத்தில் பெரும்பகுதி வடியவே ஆறு வாரம் போலாகும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருந்து, பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மெல்ல மெல்ல வெளுக்கும். காம்புப் பகுதி மரத்துப் போவதும் உண்டு, தொட்டாலே கூசுவதும் உண்டு. பலருக்கு மாதக்கணக்கில் சரியாகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பின்னால் தாய்ப்பால் கொடுப்பதும் சிலருக்குக் கடினமாகலாம். இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. தினமும் பத்துத் தடவை கண்ணாடி முன் நிற்பதற்குப் பதில் வாரத்துக்கு ஒரு நாள் பாருங்கள், போதும்.

அந்தப் பெண்ணை உள்ளே அரித்தது உண்மையில் இதெல்லாம் இல்லை. பேசப் பேசத்தான் விஷயம் வந்தது. அக்கம்பக்கத்தில் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று மாமியார் சொல்லி வைத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "வயிறு வலிக்குதாம்மா?" என்று கேட்கிறார்கள். இவரும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, "கடவுள் குடுத்ததை வெட்டிட்டு வந்துட்டு இப்ப என்ன அழுகை?" என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு. வலியைச் சொல்லவும் ஆளில்லை, அழவும் உரிமையில்லை என்றால் மனசு என்ன பாடுபடும்!

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் உண்மை தெரிந்த ஒரே ஒரு ஆளாவது பக்கத்தில் வேண்டும். அக்காவோ, நாத்தனாரோ, கூட வேலை பார்க்கும் தோழியோ, யாராக இருந்தாலும் சரி. இது பணக்காரர் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-லேயே மார்பக அழகியல் சிகிச்சைக்கென்று இலவச கிளினிக் ஆரம்பித்தார்கள். கழுத்து வலியும் கூச்சமும் ஏழை, பணக்காரி பார்த்து வருவதில்லை.

கணவன்மார்களே, "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டால் அவர் எதிர்பார்ப்பது மார்க் அல்ல. "வலி எப்படி இருக்கு, தூங்கினியா?" என்று திருப்பிக் கேளுங்கள். குக்கரை நீங்கள் இறக்கி வையுங்கள்.

இப்போது லேகியத்துக்கு வருகிறேன். சித்த வைத்தியரான நானே சொல்கிறேன், ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் மூலிகை மருந்தைத் தன்னிச்சையாகச் சாப்பிடாதீர்கள். அமுக்கரா தூக்க மருந்துகளின் மந்தத்தைக் கூட்டலாம். பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். தையல் மேல் மஞ்சள் பத்து, எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய்க் குளியலும் டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

"முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் போட்டுப் பட்டினி கிடக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். காயம் ஆற அவைதான் வேண்டும். வலி மாத்திரையால் மலம் கட்டினால் ஊறவைத்த உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், நிறையத் தண்ணீர். வீட்டுக்குள்ளேயே அடிக்கடி சிறு நடை. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டால் போதும். மூச்சை அடக்குகிற பயிற்சி இப்போது கூடாது.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால், காய்ச்சல், சீழ், நாற்றம் இருந்தால், தோல் கறுத்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியுமோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாமா என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட நாள் கணக்குப் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், கட்டணமில்லை.

ஏழாவது வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தார். நாத்தனாரிடம் சொல்லிவிட்டாராம். தினமும் தலை பின்னிவிட்டதே அவர்தானாம். "டெய்லர்கிட்ட புது அளவு குடுத்துட்டேன் டாக்டர்" என்றார். அளவு இன்னும் மாறும், மூன்று மாதம் பொறுத்திருக்கலாமே என்றேன். "ரெண்டே ரெண்டு பிளவுஸ்தான் டாக்டர், மிச்சம் அப்புறம்" என்று சிரித்தார்.