குங்குமச் சிவப்பு தாளில் வர: வீட்டில் போட்டோ பிரின்ட் எடுக்க முழுமையான வழிகாட்டி

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் புறப்படும் சிரசு, மாலைகளுக்குள் மூழ்கியபடி கோபாலபுரம் கோயிலுக்கு வந்து சேரும்வரை ஊரில் பாதிப் பேர் கையில் போன் உயர்ந்தே இருக்கும். அந்தப் படங்களை வீட்டு பிரின்டரில் போட்டுப் பார்ப்பவர்கள் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான்: "போன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, பேப்பர்ல இருட்டா வருது. குங்குமம் செங்கல் கலர்ல இருக்கு." உடனே பிரின்டரைத் திட்டுகிறோம், புது மை வாங்குகிறோம். ஆனால் கோளாறு பெரும்பாலும் பிரின்டருக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஏன் மாறுகிறது?

திரை தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. தாள் நம் அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதன் மேலுள்ள சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே திரை காட்டும் சில நிறங்களைத் தாளால் காட்டவே முடியாது. கண்ணைப் பறிக்கும் சிவப்பும் அடர் நீலமும் அந்தப் பட்டியலில் வரும். மஞ்சளில் அவ்வளவு சிக்கல் இல்லை. நல்ல பளபளப்புத் தாளில் மஞ்சள் தூளின் நிறம் நன்றாகவே வரும்.

படத்தில் ஒரு நிறத்தைக் குறிக்கும் ஒரே எண் ஒவ்வொரு கருவியிலும் எந்த நிறமாக வெளிப்படும் என்பதை எழுதி வைத்திருக்கும் சிறு கோப்புதான் 'ப்ரொஃபைல்'. 1993-ல் 8 நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பு இதற்குப் பொது வடிவம் கொடுத்தது. இந்த வழிகாட்டி முழுக்கப் பேசுவது, சரியான ப்ரொஃபைலைச் சரியான இடத்தில், ஒரே ஒரு தடவை பயன்படுத்துவது பற்றித்தான்.

படி 1: மூலப் படத்தைக் காப்பாற்றுங்கள்

வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை பிரின்ட் எடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டது. எடுத்தவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

திருவிழாப் படங்களில் சிவப்பு தனிப் பிரச்சினை. படத்தின் மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் உச்ச எண்ணான 255-ஐத் தொட்டு நின்றுவிடும். பிறகு அந்த இடத்தில் குங்குமமும் அரளி இதழும் தனித்தனியாகத் தெரியாது, ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். இழந்த விவரத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

நிறவெளி (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி ஆகவே இருக்கட்டும். எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்த இது சிறியதுதான், ஆனால் எல்லா மென்பொருளுக்கும் புரியும். அடோபி ஆர்ஜிபி 1998 விரிவானது. முழுப் பாதையையும் ப்ரொஃபைலோடு நடத்தப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

படி 2: திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்

'இருட்டா வருது' என்ற குறைக்கு முதல் காரணம் இதுதான். புதுத் திரைகள் கடையில் கண்ணைக் கவரும் அளவுக்கு வெளிச்சமாக வருகின்றன. அதில் பார்த்துத் திருத்தினால் படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாக நம்பி அப்படியே விட்டுவிடுவோம்.

பிரின்ட் வேலைக்குத் திரையின் ஒளி சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்திலேயே வெள்ளை பிரின்ட் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். 'நைட் லைட்', 'விவிட்' இரண்டையும் அணைத்து, எஸ்ஆர்ஜிபி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மாதக்கணக்கில் இந்த வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் அளவீட்டுக் கருவிக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது.

படி 3: தாளும் மையும்

எப்சன் எல்8050 போன்ற ஆறு மை பிரின்டர்களில் வழக்கமான நான்கோடு வெளிர் சயானும் வெளிர் மஜெந்தாவும் உண்டு. முகங்களின் தோல் நிறம் புள்ளி தெரியாமல் இழைவது இவற்றால்தான். நான்கு மை பிரின்டரிலும் நல்ல படம் வரும், மென்மை கொஞ்சம் குறையும்.

கடையில் வெறும் 'போட்டோ பேப்பர்' என்று கேட்காமல், பளபளப்பா, மேட்டா, எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்குங்கள். அம்மன் அலங்காரத்துக்குப் பளபளப்புத் தாள். மேட்டில் அந்தச் சிவப்பின் ஆழம் கிடைக்காது. தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மேட் அழகு. வேறு கம்பெனி மை ஊற்றினால், பிரின்டரோடு வந்த ப்ரொஃபைல்கள் எதுவும் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: நிறத்துக்கு ஒருவரே பொறுப்பு

முக்கியமான படி இது, அவசரப்படாதீர்கள். நிறத்தை மென்பொருள் நிர்வகிக்கலாம், அல்லது பிரின்டர் நிர்வகிக்கலாம். இரண்டும் சேர்ந்து செய்தால் திருத்தத்தின் மேல் திருத்தம் விழுந்து, பெரும்பாலும் மஜெந்தா சாயல் ஏறிய படம் வரும்.

தாளுக்குரிய ப்ரொஃபைல் இருந்தால் மென்பொருளிடம் விடுங்கள். எப்சன் தன் தாள்களுக்கான ப்ரொஃபைல்களை டிரைவரோடு தருகிறது. ஃபோட்டோஷாப்பில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' எனக் கொடுத்து, அந்தத் தாளின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் பிரின்டர் டிரைவருக்குள் போய் கலர் கரெக்‌ஷனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' கட்டாயம். மாடலுக்கு மாடல் இது இருக்கும் இடம் மாறும், தேடிப் பிடியுங்கள்.

உள்ளூர்க் கடையில் வாங்கிய, ப்ரொஃபைல் இல்லாத தாளா? பிரின்டரே நிர்வகிக்கட்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதும் இதையேதான். எங்கிருந்தோ இறக்கிய பொருந்தாத ப்ரொஃபைலைவிட டிரைவரின் சொந்தக் கணக்கு மேல்.

எந்த வழியானாலும் 'பேப்பர் டைப்' சரியாக இருக்க வேண்டும். எவ்வளவு மை தெளிப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'ப்ளெயின் பேப்பர்' என்று விட்டால் மேலே செய்த அத்தனையும் வீண்.

படி 5: திரையிலேயே ஒத்திகை

'சாஃப்ட் ப்ரூஃப்' என்ற வசதி தாளில் வரப்போகும் நிறத்தைத் திரையிலேயே காட்டும். விலையில்லா மென்பொருளான கிம்பிலும் உண்டு. அதைப் போட்டதும் படம் மங்கும், பயப்பட வேண்டாம், அதுதான் உண்மை நிலவரம். எட்டாத நிறங்களை என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில், சிவப்பு நிறைந்த திருவிழாப் படத்துக்கு 'பெர்செப்ச்சுவல்' கொடுத்துப் பாருங்கள். எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி இதழ்களின் வேறுபாட்டைக் காக்கும். மற்றவற்றுக்கு 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்', கூடவே 'பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன்'.

படி 6: அளவு

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 4×6 படத்துக்கு 1200×1800, ஏ4 தாளுக்கு 2480×3508 பிக்சல் வேண்டும். போன் படம் 4:3, 4×6 தாளோ 3:2. கட்டாயம் ஓரம் வெட்டுப்படும். எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பார்டர் இல்லாமல் எடுத்தால் டிரைவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும், அம்மன் கிரீடத்துக்கு மேலே இடம் விடுங்கள்.

லுங்கி வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. குடியாத்தம் லுங்கியின் நெருக்கமான கட்டங்களைச் சிறிதாக்கும்போது, துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைக்கும். மாதிரிப் படத்தைச் சற்று நெருங்கி எடுத்து, மடிப்பின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக பிரின்ட் எடுங்கள். ஆம்பூர் தோல், ஷூ மாதிரிகளின் பழுப்பு நிறங்களுக்கோ, அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையையும் படமெடுத்து வைத்து அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸ் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

படி 7: சோதனைத் துண்டு

முழுத் தாளில் இறங்காமல், சிவப்பு, முகம், நிழல் மூன்றும் உள்ள ஒரு பகுதியை மூன்று வெளிச்ச அளவுகளில் ஒரே 4×6 தாளில் அடியுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே தீர்ப்புச் சொல்லாதீர்கள். விலை குறைந்த எல்இடி விளக்குகள் சிவப்பை மந்தமாகக் காட்டும். நேர் வெயில் படாத ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். மை கொஞ்சம் உலர்ந்த பிறகுதான் நிறம் நிலைக்கும். பிடித்த துண்டின் பின்னால் தாள், டிரைவர் அமைப்பு, வெளிச்ச அளவு மூன்றையும் எழுதி வையுங்கள்.

எடுத்த பிறகு

கண்ணாடிச் சட்டம் போடுமுன் ஒரு நாள் காயவிடுங்கள். கண்ணாடி படத்தை நேராகத் தொடாமல் நடுவில் மவுன்ட் அட்டை வையுங்கள். டை (சாய) மை ஒளியில் மங்கும், எனவே வெயில் விழும் சுவர் வேண்டாம். நம்மூர் மே மாத வெக்கையில் பல நாள் சும்மா கிடக்கும் பிரின்டரின் நாசில் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை நாசில் செக் எடுங்கள். கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங். அதைத் தினமும் போட்டால் மையும் தீரும், கழிவு மை பேடும் சீக்கிரம் நிரம்பும்.