நீங்களே பதிப்பாளர் ஆகுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

சேலையூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் உடன் அனுப்பிய கதைகளும் கிடைத்தன. படித்துவிட்டேன். ஏரி மனைகளாவதைச் சொல்லும் கதை மனதை விட்டுப் போகவில்லை. பதிப்பகங்களிடமிருந்து பதிலே வரவில்லை, நாமே புத்தகம் போட்டுக்கொள்ளலாமா, போட்டால் மதிப்பு குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். மதிப்பும் குறையாது.

உங்களுக்குப் பக்கத்திலேயே முன்னோடி ஒருவர் இருந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1911இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அடிகள் பல்லாவரத்திலேயே அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். மறுபதிப்பு என்றால் பழையதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட மாட்டார். வடசொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை இட்டுத் திருத்துவார்.

சி.சு. செல்லப்பாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர், எழுத்து பிரசுர நூல்களைக் கட்டாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் அவரே வெளியிட்டபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவர் மறைந்த பிறகு, 2001இல், அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டிருந்த தோப்பில் முஹம்மது மீரானும் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தாமே அச்சிட்டுத்தான் வாசகரிடம் கொண்டுசேர்த்தார்.

இவர்கள் கைக்காசு போட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பதிப்பாளர் செய்ய வேண்டிய வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். உங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பதிப்பகம் இல்லாமல் புத்தகம் வரலாம். பதிப்பாளர் வேலையைச் செய்ய ஆளில்லாமல் நல்ல புத்தகம் வராது.

முதல் வேலை, செம்மையாக்கம். உங்களைப் புகழ வேண்டிய அவசியம் இல்லாத ஒருவரிடம் கதைகளைக் கொடுங்கள். பதினைந்தில் நான்கை எடுத்துவிடச் சொன்னால், கோபம் ஆறியபின் அந்த நான்கையும் மறுபடி படித்துப் பாருங்கள். அட்டைக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் இதற்குக் காசு கொடுக்க யோசிக்கிறார்கள். அட்டை வாங்க வைக்கும். படிக்க வைப்பது உள்ளே இருப்பதுதான்.

அடுத்தது மெய்ப்பு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் உடைந்து தனித்தனியாக நிற்கும். 'ௌ' வரவேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் 'ள'வும் உட்கார்ந்திருக்கும். திரையில் பார்த்தால் கண் தாண்டிப் போய்விடும். தாளில் அச்செடுத்து, தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாளில் பேனாவோடு படியுங்கள். பிறகு வேறொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

எடுத்த எடுப்பில் ஆயிரம் பிரதி வேண்டாம். இப்போது டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போடலாம். தீரத் தீர அச்சிட்டுக்கொள்ளலாம். பிரதிக்கு அடக்க விலை கொஞ்சம் கூடுமே தவிர, கட்டிலுக்கடியில் கட்டு கட்டாகப் புத்தகம் தேங்காது. விலை வைக்கும் முன் கணக்குப் போடுங்கள். விலை 200 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்தால் கையில் வருவது 120. அச்சுச் செலவு 90 என்றால் மிச்சம் 30. பார்சல் செலவும் அதற்குள்ளேதான்.

'எல்லாம் நாங்களே செய்து தருகிறோம்' என்று மொத்தத் தொகை கேட்பவர்களிடம் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி அது எழுதியவருக்கு ஆயுள் முழுதும், அதன்பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் உண்டு. பக்க வடிவமைப்புக் கோப்பையும் கேட்டு வாங்கிவையுங்கள், மறுபதிப்புக்கு உதவும்.

புத்தகத்தை அடையாளப்படுத்தும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். புத்தகம் வந்ததும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் பிரதி அனுப்பிவிடுங்கள். அறியாத எவரோ என்றோ ஒருநாள் தேடும்போது உங்கள் கதை அங்கே கிடைக்கும்.

மின்னூல் என்றால், 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழும் உண்டு. காசு வேண்டாம், எல்லாரும் படிக்கட்டும் என்று நினைத்தால், 2013 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' இருக்கிறது. அங்கே, யாரும் பகிர இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, யோசித்துக் கொடுங்கள்.

விற்பதற்குக் கூச்சப்படவே கூடாது. செல்லப்பா கட்டைச் சுமந்ததை நினைத்துக்கொண்டு புறப்படுங்கள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள நூலக வாசகர்களிடமும், கல்லூரித் தமிழ்த்துறைகளிலும், புதிய புத்தகங்களுக்கு இடம் தரும் கடைகளிலும் நேரில் போய்க் கொடுங்கள். உறவினருக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கியவர் பெரும்பாலும் படிப்பார்; படித்துவிட்டு அவர் சொல்லும் குறையைக் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தம் அதுதான். பல்லாவரத்தில் அடிகள் செய்ததைப் போல ஒவ்வொரு பதிப்பிலும் திருத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதே தானே பதிப்பிப்பதில் பெரிய வசதி.

மெய்ப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். புத்தகம் வந்ததும் விலையைச் சொல்லுங்கள். எனக்கு அன்பளிப்புப் பிரதி வேண்டாம். ஐந்து பிரதிக்குப் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து உங்கள் நண்பர்