கூட்டினின்று விழுந்த புறாக்குஞ்சு

கோபுரத்து மாடங்களிலும் பழைய மாளிகைகளின் இடுக்குகளிலும் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்கின்றன. கூடு என்று சொல்லுதலும் மிகையே. சில சுள்ளிகளும் சிறிது வைக்கோலுமே அதன் கட்டுமானம். ஆதலின், பெருங்காற்று வீசும்போதோ பூனை ஏறி வரும்போதோ குஞ்சு கீழே விழுந்துவிடுதல் உண்டு.

அங்ஙனம் விழுந்த குஞ்சைக் காண்போர் முதலில் திகைப்பர். சின்னஞ்சிறு உடல், அதற்குப் பொருந்தாத பேரலகு, மேனியெங்கும் மஞ்சள் நிறத் தூவி. இது புறாவின் குஞ்சுதானா என்னும் ஐயம் எழும். இரக்கமுடைய சிறுவன் ஒருவன் அதனை இல்லத்திற்கு எடுத்துச் சென்று, பசுவின் பாலைச் சங்கில் வார்த்துப் புகட்டுகிறான். மறுநாட் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கின்றது. அவன் இரக்கத்தில் குறை யாதும் இல்லை. அறிவு அதற்குத் துணைநில்லாமையே குறை. பசும்பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. அன்றியும், நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருத்தலால், வார்த்த பால் நுரையீரலுட் புகுந்துவிடும்.

புறாவுக்கும் ஒருவகைப் பால் உண்டு என்பது பலர் அறியாதது. பெண்புறா பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரிக்குங்கால், இரண்டின் கழுத்திலுள்ள தீனிப்பையின் உட்புறம் தடித்து, தயிர்க்கட்டி போன்ற ஒரு பொருளைச் சுரக்கும். இலண்டனில் வாழ்ந்த ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1786ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். புரதமும் கொழுப்பும் மிக்க இவ்வுணவால் குஞ்சு ஓரிரு நாளிலேயே இருமடங்கு எடை பெறும். தந்தையும் பாலூட்டும் இவ்வியல்பு உயிரினங்களுள் அரியதன்றோ?

ஆதலின், தாய்தந்தையர் பேணுதலுக்கு ஒப்பான பேணுதல் வேறில்லை. கூடு எட்டும் உயரத்தில் இருப்பின், காயமற்ற குஞ்சை அதிலேயே மீண்டும் வைத்தல் வேண்டும். மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் கதை. சற்று வளர்ந்த குஞ்சைத் தனியே விட்டுப் பெற்றோர் நெடும்பொழுது இரைதேடச் செல்வதும் உண்டு. கூட்டில் தனித்திருக்கும் குஞ்சையெல்லாம் அநாதை என்று எடுத்து வந்துவிடலாகாது.

சிபி வேந்தன் புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையில் இட்டான் என்பர். அவன் வழித்தோன்றல்கள் எனச் சோழ மன்னரைப் புறநானூற்றுப் புலவர்கள் பாராட்டினர். இக்குஞ்சு வேண்டுவதோ தசையன்று, முதற்கண் வெம்மையே. குளிர்ந்த உடலில் உணவு செரியாது. ஆகவே, பெட்டியொன்றில் சொரசொரப்பான துணியை விரித்து, வெந்நீர் நிறைத்த குப்பியைத் துணியாற் சுற்றி ஒருபுறம் வைத்தல் வேண்டும். வழுவழுப்பான தரையில் கிடந்தால் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து முடமாகிவிடும்.

பிற பறவைக் குஞ்சுகள் வாயைத் திறந்து இரை கேட்கும். புறாக்குஞ்சோ தன் அலகைத் தாயின் வாயினுள் நுழைத்து உண்ணும். ஆதலின், சிறு குப்பியின் வாயில் மெல்லிய இரப்பரைக் கட்டி, அலகு நுழையும் அளவு துளையிட்டு, நன்கு அரைத்த தானியக் கூழை இளஞ்சூட்டில் வைத்தால் தானே உண்ணப் பழகும். முதல் வாரத்துக் குஞ்சு பிழைப்பது அரிது; அதனைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்தலே நன்று. இறகு முளைத்த குஞ்சுக்கு ஊறவைத்த பச்சைப்பயற்றை ஒவ்வொன்றாக ஊட்டலாம். தீனிப்பை காலியாகும் முன் மீண்டும் ஊட்டலாகாது. அது விரலுக்குச் சிறு பயற்று மூட்டைபோல் தோன்றும். ஒவ்வொரு முறையும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். எச்சத்தால் மனிதருக்கும் நோய் பரவக்கூடும்.

பூனையின் பல் பட்ட குஞ்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காயம் ஊசிமுனையளவே தோன்றினும், பூனையின் உமிழ்நீரிலுள்ள நச்சுக் கிருமிகள் ஓரிரு நாளில் உயிரை வாங்கிவிடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

ஐந்து வாரமளவில் இறகுகள் முற்றும். ஆழமற்ற கிண்ணத்து நீரில் அலகைத் தோய்த்துவிட்டால், தலையை நிமிர்த்தாமலே உறிஞ்சிக் குடிக்கக் கற்கும். தானே தானியம் பொறுக்கி, அறைக்குள் தடுமாறாமல் பறக்கவும் தொடங்கிய பின், வேறு புறாக்கள் கூடி இரை தேடும் இடத்தில், காலை வேளையில் பெட்டியைத் திறந்துவைக்கலாம். சில குஞ்சுகள் உடனே கூட்டத்திற் கலந்துவிடும். சில, நாலைந்து நாள் மாலைதோறும் பழைய பெட்டியை நாடி வரும்.