கூடங்குளம் யூனிட் நின்னா பயப்படணுமா? சோதனைத் தேதியை யார் குறிக்கிறாங்க?

வாடிப்பட்டியில் இருக்கிற என் சித்தப்பா ஒரு நாள் விடியக்காலையிலேயே போன் பண்ணினார். "என்னய்யா இது, கூடங்குளத்துல ஒரு யூனிட்டையே நிறுத்திட்டாங்களாம்ல? வாட்ஸ்அப்ல வந்துருக்கு. மூடி மறைக்கிறாங்கன்னு போட்டுருக்கான்" என்றார். அவருக்குக் கவலை இரண்டு. ஏதாவது கசிஞ்சிருச்சோ என்பது ஒன்று. பம்ப்செட்டுக்கு கரண்ட் வருமா என்பது இன்னொன்று.

கைபேசியிலேயே தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. எரிபொருள் மாற்றவும் சோதனைகள் செய்யவும் முன்கூட்டியே திட்டமிட்ட நிறுத்தம் அது. ஆனால் சித்தப்பா அடுத்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "சரிப்பா, சோதனை எப்பன்னு யாரு சொல்றா? அவங்களா நினைச்சா நிறுத்துவாங்க, நினைச்சா ஓட்டுவாங்களா?"

நல்ல கேள்வி. பதில்: அவங்களா முடிவு பண்ண முடியாது.

முதல்ல, சோதனைக்கு எதுக்குத் தேதி வேணும்? வாடிப்பட்டி பக்கம் டீசல் இன்ஜின் வச்சிருக்கிற விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியாறு வாய்க்கால்ல தண்ணி ஓடுற வரைக்கும் இன்ஜின் கொட்டகையில சும்மா கிடக்கும். வாய்க்கால் அடைச்சதும் பயிரைக் காப்பாத்த ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினா, கிளம்பாது. கெட்டது என்னைக்கோ, தெரிஞ்சது இன்னைக்கு. அணுமின் நிலையத்திலும் முக்கியமான பாதுகாப்புக் கருவிகள் இப்படித்தான், பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்பவை. உலையைக் குளிர்விக்கும் அவசர பம்புகள், வெளி மின்சாரம் போனால் உதவும் டீசல் ஜெனரேட்டர்கள், வால்வுகள். சும்மா நிற்கிற கருவி நல்லா இருக்கான்னு தெரிய, ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

அதுக்காக தினமும் ஓட்டவும் கூடாது. அடிக்கடி திடீரென ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் தேயும். சோதனை நேரத்தில் சில கருவிகளைத் தற்காலிகமாக விலக்கி வைக்க வேண்டியும் வரும். ஆக, ரொம்ப இடைவெளி விட்டாலும் ஆபத்து, ரொம்ப நெருக்கினாலும் சிக்கல். கூடங்குளத்தில் ஒவ்வொரு உலைக்கும் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனி வரிசைகளாக இருக்கின்றன. ஒரு வரிசை மட்டுமே தேவையான முழு வேலையையும் செய்யக்கூடியது. இப்படி மாற்று வரிசைகள் உள்ள இடங்களில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்காமல் மாற்றி மாற்றிச் சோதிப்பது வழக்கம். ஒரே ஆள் ஒரே தப்பை நாலு இடத்திலும் செய்துவிடக் கூடாது இல்லையா!

இப்ப தேதிக்கு வருவோம். இந்தியாவில் இதைக் கவனிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், சுருக்கமாக ஏஇஆர்பி. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது, தலைமையகம் மும்பை. நிலையத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் 'இயக்கத்துக்கான தொழில்நுட்ப வரையறைகள்' என்று ஒரு ஆவணம் உண்டு. எந்தக் கருவியை எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்கணும், ஒன்று பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரி செய்யணும், முடியாவிட்டால் உலையை எப்ப நிறுத்தணும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஒப்புதல் தருவது வாரியம். இடைவெளியை நீட்ட நிலையம் நினைத்தால், காரணம் காட்டி வாரியத்திடம்தான் போகணும்.

ஒரு நாள் தள்ளிப் போனா என்ன ஆகும்? அமெரிக்க விதிகளைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். அங்கே மாதிரி விதிகளில் அவசர டீசல் ஜெனரேட்டருக்குச் சோதனை இடைவெளி 31 நாள். பொதுவாக 25 சதவீதம் சலுகை உண்டு. அதாவது சுமார் 38 நாள் வரை போகலாம். ஆனால் இது எதிர்பாராத சிரமத்துக்கான சலுகை, வசதிக்காகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ள அல்ல என்றும் விதியின் விளக்கத்திலேயே எழுதி வச்சிருக்காங்க. நம்ம வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற ஞாபகம் வருது, எனக்கு மட்டும்தானா?

உலை ஓடும்போது செய்யவே முடியாத சோதனைகளும் உண்டு. அவை எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தோடு கட்டப்பட்டவை. இங்கேதான் ஒரு நுணுக்கம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலைகள் (முதல் உலை 2013 அக்டோபரிலும் இரண்டாவது 2016 ஆகஸ்டிலும் மின்தொகுப்பில் இணைந்தன) ஆரம்பத்தில் 12 மாதச் சுழற்சியில் ஓடின. 2022 முதல் ரஷ்யாவிலிருந்து வரும் புதுவகை எரிபொருள் 18 மாதச் சுழற்சிக்கு வழி செய்கிறது. மின்சாரத்துக்கு அது லாபம்தான். ஆனால் ஓட்டம் நீண்டால், நிறுத்தத்தோடு கட்டிய சோதனைகளும் தள்ளிப் போகும். அந்த ஆறு மாசம் தாங்குமா என்பதைக் கருவிவாரியாக நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவிலும் 24 மாதச் சுழற்சிக்கு நிலையங்கள் மாறியபோது, இதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று அந்நாட்டு ஆணையம் 1991ல் தனிச் சுற்றறிக்கையே அனுப்பியது. என்னைக் கேட்டால், 'எத்தனை யூனிட் உற்பத்தி' என்பதை விட மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இவை போக, உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழு நிலையத்தையும் இன்றைய தரத்தோடு ஒப்பிட்டு விரிவான ஆய்வு நடக்கும்.

சோதனை பற்றி மக்களுக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூடங்குளமே சாட்சி. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா விபத்து. அடுத்த சில மாதங்களில் கூடங்குளத்தில் நிஜ எரிபொருள் இல்லாமல், டம்மி எரிபொருளை வைத்து வெப்ப ஓட்டச் சோதனை. நீராவி வெளியேறிய பெரும் சத்தத்தில் சுற்றுவட்டார கிராமங்கள் அரண்டு போயின. அந்த ஆகஸ்டிலேயே போராட்டம் தொடங்கியது. இடிந்தகரை அதன் மையமானது. போராட்டத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் "இன்னைக்கு இந்தச் சத்தம் வரும், காரணம் இது" என்று வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் ஒரு பங்காவது குறைந்திருக்கும்.

மக்கள் நேரடியாகப் பங்கேற்கும் சோதனையும் உண்டு: அவசரகால ஒத்திகை. நிலையத்துக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வளாகம் முழுவதுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, வெளியே ஊர்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வெளி ஒத்திகைக்குப் பொறுப்பு மாவட்ட நிர்வாகம். 2012 ஜூன் 9 அன்று நக்கனேரி கிராமத்தில் நடந்தது அப்படிப்பட்ட ஒத்திகைதான். ஒத்திகைத் திட்டம் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு உள்ளேதான். வாடிப்பட்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கு, சித்தப்பா நிம்மதியா இருக்கலாம்.

சரி, ஃபார்வர்டு வந்தா எப்படிச் சரிபார்க்கிறது? மத்திய மின்சார ஆணையம் தினசரி அறிக்கைகளை 'நேஷனல் பவர் போர்ட்டல்' தளத்தில் போடுகிறது. எந்த யூனிட் எப்ப நின்றது, என்ன காரணம், திட்டமிட்டதா திடீர் நிறுத்தமா என்று அதில் பார்க்கலாம். ஏஇஆர்பி தளத்தில் ஆண்டறிக்கைகள் உண்டு. நிலையங்களில் நடந்த முக்கிய நிகழ்வுகளும் அவற்றின் தீவிர அளவும் அதில் வரும். குறை ஒன்று: இவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் போட்டாலே போதும், பாதி வதந்தி அடங்கிடும்.

அதிலும் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. வாரியமும் கழகமும் மத்திய அரசைச் சேர்ந்தவை என்பதால் மத்திய அரசின் 'ஆர்டிஐ ஆன்லைன்' தளத்தில் அனுப்பணும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு இலவசம். ஊர் ஒத்திகை பற்றி என்றால் மாநில ஆர்டிஐ தளம், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம். "பாதுகாப்பா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீங்க; பொதுவான பதில்தான் வரும். "கடந்த மூன்று ஆண்டில் எந்தச் சோதனைகளுக்கு இடைவெளி நீட்டிப்பு கேட்கப்பட்டது, எத்தனைக்கு ஒப்புதல் தரப்பட்டது" என்று ஆவணத்தைக் குறிவைத்துக் கேளுங்க. பதிலுக்கு 30 நாள். வரலைன்னா, திருப்தி இல்லைன்னா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். கூடங்குளம் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை வெளியிடச் சொல்லி 2012 ஏப்ரல் 30 அன்று மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கழகம் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றம் போனது.

கடைசியா ஒண்ணு. இதே வாரியம்தான் உங்க ஊர் எக்ஸ்ரே மெஷினுக்கும் உரிமம் தருகிறது. மெஷினின் தரத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கணும். 2012ல் மத்திய தணிக்கைத் துறை பார்த்தபோது, நாட்டில் சுமார் 57 ஆயிரம் மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் 91 சதவீதம் வாரியத்தில் பதிவே ஆகவில்லை. அதன் பிறகு 'இலோரா' என்ற இணையவழி உரிம முறை பரவலாக வந்தது. அடுத்த முறை வாடிப்பட்டியிலோ சோழவந்தானிலோ எக்ஸ்ரே எடுக்கப் போனா, "ஏஇஆர்பி உரிமம் இருக்கா, கடைசியா தரச் சோதனை எப்ப நடந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. சித்தப்பா போன வாரம் மூட்டு வலிக்குப் போனவர் கேட்டுட்டார். டெக்னீஷியன் ஒரு நிமிஷம் முழிச்சாராம், அப்புறம் ஃபைலைத் திறந்து காட்டினாராம்.