சுவரும் கூரையும் சேரும் இடம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் உதவி மனுக்கள் பல ஒரே மாதிரி இருக்கும். வீடு ஒழுகுகிறது, சுவர்ப் பூச்சு உதிர்கிறது, பூசிக் கொடுங்கள். சில ஆண்டுகள் நாங்களும் கேட்டபடியே சிமென்ட்டும் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்தோம். மறு மழைக்கு அதே வீட்டிலிருந்து அதே மனு வரும். பணம் போன இடம் தப்பு என்று எங்களுக்குப் புரியவே நாள் பிடித்தது.

அதைப் புரியவைத்தது ஒரு வீடு. கணவரை இழந்த ஒரு லாத்தாவின் வீடு அது. பின்பக்கம் தகர ஷீட் போட்டு இறக்கிய சமையலறை. ஷீட்டின் மேல் விளிம்பு பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் போய் முட்டுகிறது. மூன்று மழைக்காலமாக அந்தச் சுவர் உள்ளே ஊறி, ஸ்விட்ச் போர்டைத் தொட்டாலே சுர்ரென்று இழுத்தது. பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்துதான் கசிகிறது என்று லாத்தா உறுதியாக நம்பினார். எங்கள் குழாயில் கசிவே இல்லை என்று அவர்களும் உறுதியாகச் சொன்னார்கள். பிள்ளைகள் முதற்கொண்டு இரு வீட்டாரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தோம். வெயில் நாளில், பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டோம். இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. பிறகு ஹோஸ் குழாயால் ஷீட்டின் அடிப்பகுதியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே மேலே வந்தோம். கீழிருந்து மேலே வருவதுதான் முக்கியம். மேலே முதலில் விட்டால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த இடத்தில் ஓட்டை என்று தெரியாது. ஷீட்டும் சுவரும் சேரும் கோட்டுக்குத் தண்ணீர் வந்த சிறிது நேரத்தில் உள்ளே சுவரில் கோடு கோடாக இறங்கியது.

அந்தக் கோட்டில் யாரோ சிமென்ட் கலவை வைத்து அணைத்திருந்தார்கள். நம் ஊரில் எல்லாக் கொத்தனாரும் செய்வதுதான். பார்க்க உறுதியாக இருக்கும். நெடுக, மயிரிழை விரிசல். தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். பத்தடி அலுமினிய ஷீட் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இரும்புத் தகரம் அதில் பாதி. சுவர் அப்படி அசையாது. அசையும் பொருளையும் அசையாத பொருளையும் சிமென்ட்டால் ஒட்டினால் முதல் கோடையிலேயே விட்டுப்போகும். அடுத்த ஆண்டு அதன் மேல் இன்னொரு கலவை. அதுவும் விடும்.

இதற்குச் சரியான வழி, மடித்த தகடு. கடைகளில் ஃப்ளாஷிங் என்று கேட்டால் தெரியும். நாட்டு ஓடு அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்: மேல் ஓடு எப்போதும் கீழ் ஓட்டின் மீது படியும், எதையும் எதோடும் ஒட்டுவதில்லை. இங்கேயும் அதே கணக்கு. இரண்டு தகடு வேண்டும். கீழ்த் தகடு ஷீட்டின் மீது ஆறு அங்குலம் படிந்து, சுவரை ஒட்டி ஆறு அங்குலம் எழும்பி நிற்கும். அதை ஷீட்டோடு மட்டும் ஸ்க்ரூ செய்ய வேண்டும், சுவரோடு கூடாது. மேல் தகட்டின் உச்சி சுவருக்குள் செருகப்பட்டு, கீழ்த் தகட்டின் மீது மூன்று அங்குலமாவது இறங்கித் தொங்கும். ஷீட் நீண்டாலும் சுருங்கினாலும் கீழ்த் தகடு மேல் தகட்டுக்குள் நகர்ந்துகொள்ளும். எதுவும் வெடிக்காது.

சுவருக்குள் செருகுவது என்றோமே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தகட்டைச் சுவரின் முகத்தில் வைத்து ஆணி அடித்து, மேலே சீலண்ட் தடவிவிடுவார்கள். சீலண்ட் உரிந்த அன்றே தண்ணீர் தகட்டின் பின்னால் இறங்கும். செங்கல் வரிகளுக்கு இடையிலுள்ள கலவையில், கிரைண்டரால் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். தூசியைத் துடைத்து, தகட்டின் மடித்த விளிம்பை உள்ளே தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாகச் சின்னத் தகட்டுத் துண்டை மடித்து ஆப்பு வைத்து இறுக்கி, பிறகு பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்புங்கள். புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது சிமென்ட்டுக்கும் தகட்டுக்கும் ஆகாது. அலுமினியத் தகடு என்றால் காடியில் ஈரச் சிமென்ட்டும் வைக்காதீர்கள், தகட்டை அரித்துவிடும். தகட்டுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறி இருக்கட்டும். ஷீட்டின் அலைப் பள்ளங்கள் தகட்டின் அடியில் திறந்து கிடந்தால் காற்று மழையை மேலே ஏற்றும், அதற்கென்று விற்கும் ஃபோம் துண்டுகளை வைத்து அடையுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் மேல் கால் வைக்காதீர்கள், உடையும். துளையிடுவதும் அறுப்பதும் வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

கான்கிரீட் வீட்டிலும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. மொட்டை மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. தளத்துக்கு மட்டும் வாட்டர் ப்ரூஃபிங் அடித்து, சுவர் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பூச்சு சுவரில் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும், மூலையும் செங்குத்தாக இல்லாமல் சாய்வாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலை மாடிப் பக்கம் வாட்டமாக இருக்கட்டும். சன்ஷேடின் அடியில் ஓர் விரல் அகலத்துக்கு ஒரு வரிக் குழி இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவரைத் தேடிப் போகாது.

லாத்தாவின் வீட்டில் காடி வெட்ட வேண்டிய சுவர் பக்கத்து வீட்டாருடையது. அண்டை வீட்டார் நம் சுவரில் மரக்கட்டை பதிக்க வந்தால் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இருந்தாலும் அவர் சுவர், கேட்டுத்தான் வெட்ட வேண்டும். பேச்சே இல்லாத வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று லாத்தா தயங்கினார். "என் குளியலறையைக் குறை சொன்னது போதும், சுவரை வெட்டிக்கட்டும்" என்றார் அந்த வீட்டு பாய், கொஞ்சம் கோபமாகவே. அஸருக்கு முன் வேலை முடிந்தது. ஏணியைப் பிடித்தவர் அவர் மகன்.

உள்சுவரை அப்போது நாங்கள் பூசவில்லை. ஊறிய சுவர் காயச் சில மாதம் ஆகும், ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும். ஸ்விட்ச் போர்டை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து வேறு சுவருக்கு மாற்றினோம். அந்த ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கடந்து தை பிறந்த பிறகுதான் பூச்சு வேலை. அதற்குள் லாத்தா சுவரில் பென்சிலால் ஈரத்தின் எல்லையைக் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பாராம். தாண்டவில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் விழுகிறது. வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களில்தான் சாரல் அதிகம் அடிக்கும். ஆவணிக்குள் ஒரு வெயில் நாளில் ஹோஸ் குழாயோடு மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும்.